வியாதி ஒதுக்கீட்டுப் பட்டியல்

முனிராஜுக்கு அப்பெண்டிக்ஸ் வந்தது ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. வலி ஒன்றும் இல்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் டிக் அடித்து, "ஆண்கள் சர்ஜரி வார்டு, பெட் நம்பர் பதினாலு, அப்பெண்டிக்ஸ்" என்று சொல்லி ஒரு ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். பின்னால் நின்ற ஆட்டோக்காரருக்கு மஞ்சள் காமாலை கிடைத்தது. அவருக்கும் பின்னால் நின்றவருக்கு இரண்டு கண்ணிலும் புரை.

முனிராஜ் நகரவில்லை.

"சார், அது எனக்கு இல்ல சார். என் சம்சாரத்துக்கு. அவளுக்குத்தான் அப்பெண்டிக்ஸ். டாக்டர் சீட்டே இருக்குது, பாருங்க."

குமாஸ்தா பட்டியலை மறுபடியும் பார்த்தார். "லட்சுமம்மாதானே? அவங்களுக்கு எலும்பு வார்டு. வலது கை முறிவு. பெண்கள் பக்கம் அப்பெண்டிக்ஸ் மூணுதான், மூணும் போயிடுச்சு."

லட்சுமம்மா ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, முறியாத வலது கையால் ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு வலி தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் சந்து முனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, குடல்வால் வீங்கியிருக்கிறது, இந்த வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் உள்ளே வெடித்துவிடும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். நகரத்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு இருபத்து மூன்றாம் நாளுக்குத் தேதி கொடுத்தார்கள். முனிராஜ் கட்டடங்களுக்கு பெயிண்ட் அடிக்கிறவர். சுவரில் ஈரம் இருந்தால் இருபத்து மூன்று நாள் காத்திருக்கலாம், வயிற்றில் சீழ் இருந்தால் எப்படிக் காத்திருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அவர்கள் பகுதிக் கவுன்சிலருக்கு வார்டு வேலையெல்லாம் பார்க்கிற ஜெயராஜ் வந்தான். "ணா, சந்தாபுரா தாண்டி யூனிவர்சிட்டில புதுசா சர்க்கார் மெடிக்கல் காலேஜ் வருது. வியாழக்கிழமை டெல்லிலேர்ந்து இன்ஸ்பெக்‌ஷன். ரெண்டு நாள் நீயும் அண்ணியும் பெட்ல சும்மா படுத்துகினா போதும். வெள்ளிக்கிழமை காலைல அண்ணிக்கு ஆபரேஷன், ஃப்ரீ. நான் கேரண்டி." கையோடு இருவருக்கும் ஆரோக்கிய அட்டை எடுத்துக் கொடுத்து, முகத்தைப் படம் பிடித்து, ஆரோக்கிய எண் வாங்கி, பஸ்ஸிலும் ஏற்றிவிட்டான். முனிராஜ் வழியெல்லாம் அவனை மனதார வாழ்த்திக்கொண்டே வந்தார்.

தட்சிண பினாகினி பல்கலைக்கழகத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பட்டுப்புழுத் துறைக்கும் அஞ்சல்வழிப் பட்டங்களுக்கும் பேர்போன அந்த இடத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரி தருவதாக நான்கு அரசாங்கங்கள் அறிவித்திருந்தன. நான்கு அடிக்கல்லும் வாசலில் வரிசையாக இருந்தன. கல்லூரிக்கு அனுமதி வேண்டுமானால் ஆஸ்பத்திரி மூன்று மாதமாவது நடந்துகொண்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி நடக்க டாக்டர்கள் வேண்டும். டாக்டர்களை நியமிக்க நிதித்துறை கையெழுத்துப் போட வேண்டும். நிதித்துறை கையெழுத்துப் போட, கல்லூரிக்கு அனுமதி கிடைத்திருக்க வேண்டும். இந்த வட்டத்தைப் பதினோரு வருடமாகப் பலரும் சுற்றிச் சுற்றி வந்து ஓய்வு பெற்றுப் போனார்கள். கடைசியில் கோதண்டராமனைப் பிடித்துத் தனி அலுவலராகப் போட்டார்கள்.

கோதண்டராமன் முப்பத்தோரு வருடம் தேர்வுப் பிரிவில் இருந்தவர். உலகத்தில் எந்தக் கூட்டத்தையும் அவரால் ஒரே விதமாகத்தான் பார்க்க முடியும்: பெஞ்சு, நம்பர், மேற்பார்வையாளர், மணி. ஆகவே ஆஸ்பத்திரியையும் அப்படியே நடத்தினார். நோயாளிகளுக்கு ஹால் டிக்கெட். பக்கத்துப் பக்கத்துப் படுக்கைக்கு ஒரே வியாதி வரக் கூடாது, வந்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் முனகுவார்கள். கேஸ் ஷீட்டுகள் எல்லா நாளுக்கும் முன்கூட்டியே எழுதி, சீல் வைத்த உறையில். முதல் அரை மணிக்குள் உள்ளே வரலாம், கடைசி மணி அடிக்கும்வரை வெளியே போகக் கூடாது.

முனிராஜ் அவரிடமே போய்ச் சீட்டை நீட்டினார். "சார், ஒரே ஒரு மாத்து. என்னுத அவளுக்குக் குடுத்துட்டு அவளுத எனக்குக் குடுங்க. கை ஒடஞ்சவனா நான் இருந்துக்கறேன்."

கோதண்டராமன் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகவே விளக்கினார். "பாருங்க முனிராஜ், கேள்வித்தாள் கைக்கு வந்தப்புறம் எனக்கு வேற பேப்பர் குடுங்கன்னு கேக்கறது எந்த ஊர் நியாயம்? அதோட நீங்க ஆம்பளைங்க வார்டு, அவங்க பெண்கள் வார்டு. வெள்ளிக்கிழமை உண்மையான வியாதி எல்லாத்தையும் பாத்துடலாம். ரெண்டு நாள் பொய்யான வியாதில ஒத்துழைங்க."

லட்சுமம்மாவின் வலது கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள்.

முனிராஜின் படுக்கை வழவழவென்று இருந்தது. மெத்தைமேல் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. உறையோடு திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். அவர் தொழில்கண்ணுக்கு ஒன்று உடனே பட்டது. ஆய்வுக் குழு நடந்து வருகிற பக்கத்துச் சுவருக்கு மட்டும் டிஸ்டெம்பர் அடித்திருந்தார்கள், அதுவும் ப்ரைமர் இல்லாமல் ஒரே கோட். படுத்திருப்பவன் பார்க்கிற பக்கம் வெறும் சிமெண்டு. தலைமாட்டில் ஒரு பாட்டில் தொங்கியது. அதிலிருந்து வந்த குழாய் அவர் கைக்கு அருகில் வந்து பிளாஸ்திரியோடு நின்றுவிட்டது. அவர் தாளில் 'ஆன்டிபயாடிக், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை' என்று எழுதியிருந்தது. லட்சுமம்மாவுக்குப் போக வேண்டிய மருந்து தாளளவில் தனக்குப் போய்க்கொண்டிருப்பதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் துணைவேந்தர் டாக்டர் ப்ரஹ்லாத் வந்து நடைகூடத்தில் எல்லோரையும் நிறுத்திக் கன்னடத்தில் பேசினார்.

"நண்பர்களே, வெளியே உங்களைக் கூலிகள் என்பார்கள், ஏழைகள் என்பார்கள். இங்கே நீங்கள் இந்தப் பல்கலைக்கழகத்தின் கிளினிக்கல் மெட்டீரியல். கட்டடம் இருக்கிறது, கருவிகள் நாளை ஆறு மணிவரை இருக்கின்றன, பேராசிரியர்கள் நாளை ரயில் ஏறும்வரை இருக்கிறார்கள். குறை ஒன்றும் இல்லை. நான் பட்டுப்புழுவில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றவன். கூட்டுக்குள் போன புழு வெளியே வர முயற்சி செய்யக் கூடாது. செய்தால் நூல் அறுந்து பட்டு கெட்டுவிடும். உங்களிடம் நான் கேட்பது அந்த ஒழுக்கம்தான்."

"உள்ளயே இருந்தா புழு என்ன ஆகும் சார்?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்.

"அது வேறு துறை," என்றார் துணைவேந்தர். "கடைசியாக ஒரு பெருமை. இந்த ஆஸ்பத்திரியில் இன்றுவரை ஒருவர்கூட இறந்ததில்லை. மாநிலத்தில் வேறு எந்த ஆஸ்பத்திரி இப்படிச் சொல்ல முடியும்?" எல்லோரும் கை தட்டினார்கள். மாவுக்கட்டு போட்டவர்கள் தொடையில் தட்டினார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கேரல் ஓடி வந்தாள். விவேக் நகர்ப் பெண். ஒரு நர்சிங் காலேஜிலிருந்து ஒரு நாளைக்கு இரவல் வாங்கப்பட்டவள், அந்தக் கட்டடத்தில் வைத்தியம் கொஞ்சமாவது தெரிந்தவர்களில் ஒருத்தி.

"அண்ணா, உங்க வைஃபுக்கு ஜொரம் நூத்து மூணு. வயிறு கல்லு மாதிரி கெட்டியா இருக்கு. தொட விட மாட்டேங்கறாங்க. உள்ள வெடிச்சிருக்கும்னு பயமா இருக்குண்ணா."

முனிராஜ் மாடியில் இருந்த பெண்கள் வார்டுக்கு ஓடினார். லட்சுமம்மா முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. அவள் கேஸ் ஷீட்டில் அன்றைய தேதிக்கு நேராக, 'நன்றாகத் தூங்கினார். பசி எடுக்கிறது. கை வலி குறைந்துள்ளது' என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

"இன்னாய்யா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டாள்.

"வியாழன்மே. இன்னும் ஒரே நாளுதான். பொறுத்துக்கோ."

"வலி போயிட்ச்சுய்யா இப்ப. அதான் பயமா கீது."

செமினார் ஹாலில் நாற்பது பேராசிரியர்கள் வருகைக்கான முகப்பதிவுக்காகக் காத்திருந்தார்கள். வைத்தியம் படித்தவர்கள் ஒரே இடத்தில் இத்தனை பேரை முனிராஜ் பார்த்ததே இல்லை. அவர் வாசலில் நின்று கும்பிட்டார். உடற்கூறியல்காரர் உயிரோடு இருப்பவர்களை ஆபரேஷன் செய்வதில்லை என்றார். மருந்தியல்காரர் கிளாஸ் மட்டும்தான் எடுப்பாராம். சமுதாய மருத்துவக்காரர், ஒரு ஊருக்கே அப்பெண்டிக்ஸ் வந்தால் சொல்லுங்கள் என்றார். கடைசியில் சர்ஜரி பேராசிரியர் எழுந்து வந்தார். வயது எழுபத்தாறு. லட்சுமம்மாவின் வயிற்றில் நடுங்குகிற கையை வைத்தார், எடுத்தார். முனிராஜை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"வெடிச்சாச்சு. நான் கத்தியைத் தொட்டு பதினாலு வருஷமாகுதப்பா. இங்க தியேட்டர்ல மினிஸ்டர் வெட்டறதுக்கு ரிப்பன் கட்டி சீல் வச்சிருக்காங்க, மயக்க மருந்துகூட இல்ல. சாயங்காலத்துக்குள்ள வேற ஆஸ்பத்திரில வயித்தைத் திறந்துட்டா பொழைச்சுக்குவா. இங்க வச்சிருந்தா பொழைக்க மாட்டா."

அன்று அந்த ஆஸ்பத்திரியில் நடந்த ஒரே வைத்தியம் அதுதான். அவர் திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

முனிராஜ் கோதண்டராமனின் காலைத் தொடப் போனார். அவர் பின்வாங்கினார்.

"அனுப்பக் கூடாதுன்னு எனக்கு என்ன ஆசையா? இருநூத்து இருபது பெட். எண்பது சதவீதம் நிரம்பியிருக்கணும். அதாவது நூத்து எழுபத்தாறு. நான் வரவழைச்சது சரியா நூத்து எழுபத்தாறு. அவங்க போயிட்டா எழுபத்தொன்பது புள்ளி அஞ்சு நாலு. ஒரு பொம்பளை வயிறு வலிச்சதால ஒரு மாநிலத்துக்கே காலேஜ் போச்சுன்னு நாளைக்கு ஆடிட்ல எழுதுவான்."

"ஆம்புலன்ஸ் ரெண்டு சும்மாதானே நிக்குது சார்?"

"ரெண்டு நிக்கணும்னுதான் விதி. ஓடணும்னு இல்ல. அவங்க எண்ணிப் பாக்கறப்போ ஒண்ணு கொறஞ்சா?"

பத்து மணிக்கு ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். ஆண்கள் சர்ஜரி வார்டில் பதினான்காம் படுக்கைக்கு முன்னால் தலைமை ஆய்வாளர் நின்று, எங்கே வலிக்கிறது என்று இந்தியில் கேட்டார். முனிராஜ் முதலில் கட்டளைப்படி வயிற்றைக் காட்டினார். அப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. தொப்புளைச் சுற்றித் தொடங்கியது, வலது பக்கம் இறங்கியது, மூன்றாம் நாள் வாந்தி, நேற்று முழுக்க முழங்காலை நீட்ட முடியவில்லை, இன்று காலை வலி பட்டென்று நின்றுபோய் வயிறு கல்லாகிவிட்டது. ஐந்து நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த ஒருவர் சொல்வதுபோல், தெரிந்த அரைகுறை இந்தியில் ஒன்று விடாமல் சொன்னார். தலைமை ஆய்வாளர் முகம் மலர்ந்தது. பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது என்று மற்ற இருவரிடமும் சொன்னார்.

"மேரா நஹி சாப்!" என்று முனிராஜ் எழுந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இல்ல, என் பீவிக்கு! மேல மாடியில கை கட்டோட படுத்துகினு கீறா. அவளைப் பாருங்க சாப், செத்துடுவா!"

துணைவேந்தர் குனிந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஆய்வாளர் மரியாதையோடு தலையை ஆட்டினார். தன் வியாதி பெண்டாட்டிக்கு வந்திருப்பதாக நோயாளி நினைக்கிறார், சீழ் ரத்தத்தில் கலந்தால் இப்படிப் பிதற்றல் வரும் என்று எழுதிக்கொண்டு, 'கிளினிக்கல் மெட்டீரியல் மிக நன்று' என்று அடிக்கோடு போட்டார்.

ஆனால் வாசலில் நின்று பதிவேட்டைப் புரட்டியபோது அவர் முகம் மாறியது. "மூன்று மாதமாக நடக்கும் ஆஸ்பத்திரி. ஒரு சாவுகூட இல்லையா? இருநூற்று இருபது படுக்கையில்? அப்படியென்றால் இங்கே நோயாளிகளே இல்லை என்று அர்த்தம். சாயங்காலம் அறிக்கையில் இதை எழுத வேண்டியிருக்கும்."

குழு டீ குடிக்கப் போனதும் கோதண்டராமன் நடைகூடத்துப் பெஞ்சில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எல்லா வியாதியையும் ஒதுக்கியவர், சாவை யாருக்கும் ஒதுக்க மறந்துவிட்டார். முப்பத்தோரு வருடத்தில் இப்படி ஒரு தவறு அவர் செய்ததில்லை.

முனிராஜ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஆம்புலன்ஸ்களுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு அமரர் ஊர்தி நின்றது. ஏதோ தர்ம ஸ்தாபனத்திடம் இரவல் வாங்கியது. விதிகளில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் யாரும் அதை எண்ணவில்லை. ஆம்புலன்ஸ்களுக்கு டிரைவர் கிடையாது. அதற்கு இருந்தான், சுனில் என்று ஒருவன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அந்த யோசனை முனிராஜுக்கு அப்போதுதான் வந்தது. பாவி மனுஷன், அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தார்.

"சார், என் சம்சாரம் செத்துட்டான்னு எழுதிக்கங்க."

கோதண்டராமன் நிமிர்ந்தார்.

"செத்தவங்களை வெளிய விடுவீங்க இல்ல? அந்த வண்டில போட்டுகினு போறேன். உங்களுக்கு ஒரு சாவு, எனக்கு ஒரு வண்டி."

கோதண்டராமன் முகத்தில் மெதுவாக ரத்தம் திரும்பியது. "அன்னிக்கு செத்தவங்க அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணிவரைக்கும் பெட்டுலதான் கணக்கு. எண்பது சதவீதமும் கெடாது!" என்று முணுமுணுத்தவர், உடனே கவலைப்பட்டார். "கை முறிஞ்சு எப்படி சாவாங்க?" சர்ஜரி பேராசிரியரைக் கேட்டார்கள். முறிந்த எலும்பிலிருந்து கொழுப்பு ரத்தத்தில் கலந்து மூச்சடைத்தது என்று அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முனிராஜ் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆண்கள் வார்டை எண்ணி முடித்திருந்ததால் அவரையும் கூடப் போக விட்டார்கள். பதினொன்று நாற்பதுக்கு லட்சுமம்மாவின் ஆரோக்கிய எண் அரசாங்கக் கம்ப்யூட்டரில் சிவப்பாயிற்று.

உடனே கிளம்ப முடியவில்லை. துணைவேந்தருக்குச் செய்தி போய், ஆய்வுக் குழுவோடு அவரே வந்துவிட்டார். ஸ்டிரெச்சரில் வெள்ளைத் துணி போர்த்தியிருந்த லட்சுமம்மாவுக்கு முன்னால் நின்று பேசினார். "இது நம் பல்கலைக்கழகத்தின் முதல் மரணம். எந்த நிறுவனமும் ஒரு மரணம் இல்லாமல் முழுமை அடைவதில்லை. நேற்று நான் வேறு மாதிரிப் பேசினேன், அது நேற்றைய நிலைப்பாடு." இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி. மௌனத்தின் நடுவில் துணிக்குள் இருந்து ஒரு முனகல் வந்தது. கேரல் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள், அந்த முனகல் அவள் அழுகையில் சேர்ந்துவிட்டது. தலைமை ஆய்வாளர் தன் நோட்டில் 'செவிலியர்கள் இரக்கமுள்ளவர்கள்' என்று எழுதினார்.

ஓசூர் ரோட்டில் வந்ததும் முனிராஜ் துணியை விலக்கினார். லட்சுமம்மா கண்ணைத் திறந்தாள். நேர் மேலே வண்டிக் கூரையில் காய்ந்த சாமந்தி மாலை தொங்கியது.

"இது இன்னா வண்டிய்யா?"

"ஆம்புலன்ஸுமே. புது மாடலு."

சுனில் முதலில் வழியில் தெரிந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குள் திருப்பினான். காவலாளி வண்டியைப் பார்த்ததுமே, பாடி எடுக்க வருகிற வண்டி பின்பக்கம் போக வேண்டும் என்று கையைக் காட்டினார். "அண்ணா, எடுக்க வரல, குடுக்க வந்திருக்கோம், உயிரோட இருக்காங்க" என்று சுனில் கத்தினான். உயிரோடு இருப்பவரை யாரப்பா இந்த வண்டியில் கொண்டுவருவார்கள், குடித்திருக்கிறாயா என்று கேட்டுக் காவலாளி சங்கிலியைக் கட்டிவிட்டார். மறுபடியும் ரோடு. சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் முக்கால் மணி நேரம். பக்கத்தில் பைக்கில் நின்றவர்கள் வண்டியைப் பார்த்து நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார்கள். யாரும் வழி விடவில்லை. செத்தவர்களுக்கு என்ன அவசரம்.

பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இரண்டே கால். அவசரப் பிரிவில் அனுஷா என்று ஒரு இளம் டாக்டர் இருந்தாள். வயிற்றில் கை வைத்த நொடியில் அவள் முகம் இறுகிவிட்டது. யாரையும் கேட்காமல் கையில் ஊசி ஏற்றினாள், பாட்டில் மாட்டினாள். இந்தக் குழாய் உண்மையாகவே கைக்குள் போனதைப் பார்த்து முனிராஜுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"தியேட்டர் ரெடியா இருக்கு, சர்ஜனும் இருக்கார். சீக்கிரம் போய் நம்பர் போட்டுட்டு வாங்க."

கவுண்டரில் இருந்தவர் அட்டையை இயந்திரத்தில் காட்டினார், ஒருமுறை, மறுமுறை. பிறகு திரையை முனிராஜ் பக்கம் திருப்பினார்.

"இன்னிக்குப் பதினொண்ணு நாற்பதுக்கு எறந்துட்டாங்களே."

முனிராஜ் எல்லாவற்றையும் சொன்னார். ஆய்வுக் குழு, ஹால் டிக்கெட், கை முறிவு, எண்பது சதவீதம். சொல்லச் சொல்ல, உண்மை என்பது எவ்வளவு நம்ப முடியாததாக இருக்கிறது என்று அவருக்கே உறைத்தது. அனுஷா வந்து சண்டை போட்டாள். "பேஷன்ட் அங்க மூச்சு விட்டுட்டு இருக்காங்க சார், வந்து பாருங்க!"

"நான் பாத்தா ஆச்சா மேடம்? சிஸ்டம் பாக்கணும். நம்பர் இல்லாம பிளட் பேங்க் ரத்தம் குடுக்காது, தியேட்டர்ல எடுக்க மாட்டாங்க. சாவு போட்டவங்கதான் சாவை எடுக்கணும்."

முனிராஜ் கோதண்டராமனுக்குப் போன் செய்தார். ஏழாவது தடவை எடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"முனிராஜ், கடைசி மீட்டிங்ல இருக்கேன். அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போடறாங்க. இப்ப போய் சாவை வாபஸ் வாங்கினா இத்தனை பேரோட உழைப்பும் வீண். அஞ்சு மணி அஞ்சு நிமிஷம். நானே என் கையால அவங்களுக்கு உயிர் குடுத்துடறேன். இது என் வாக்கு."

"அதுவரைக்கும் தாங்க மாட்டா சார்... சார்..."

போன் வைத்தாகிவிட்டது. அப்புறம் எத்தனை தடவை அடித்தாலும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அனுஷாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ரோட்டில் கிடந்த, பெயர் தெரியாத ஆள் என்று சேர்த்தால் அட்டை வேண்டாம், கம்ப்யூட்டரே புது நம்பர் கொடுக்கும். முனிராஜைத் தனியே இழுத்து அவள் சொன்னதும் அவர் தலையாட்டினார். கவுண்டர்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்டிரெச்சர் அருகில் வந்தார்.

"பெயர் தெரியாதவங்கன்னா, நீங்க யாரு? இவ்ளோ நேரம் புருஷன்னு சொன்னீங்களே?"

"இல்ல சார்," என்றார் முனிராஜ். "பொய் சொன்னேன். நான் புருஷன் இல்ல. ரோட்ல பாத்தேன். இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

முப்பது வருடம் கூட வாழ்ந்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு வெந்தது. லட்சுமம்மா கண்ணைத் திறக்கவில்லை. கேட்டதோ இல்லையோ தெரியாது. ஆனால் மாவுக்கட்டு போட்ட கையின் விரல்கள் அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தன, விடவில்லை. கவுண்டர்காரர் அந்த விரல்களைப் பார்த்தார்.

"யாருன்னு தெரியாதவங்க ஏன் உங்க சட்டையப் புடிச்சிருக்காங்க?"

முனிராஜ் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடப் பார்த்தார். முடியவில்லை.

போலீஸ் அவுட்போஸ்டிலிருந்து சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். அவுட்போஸ்டில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அனுஷா மேலதிகாரியைத் தேடி இரண்டு மாடி ஏறி ஓடினாள், சர்ஜனை உலுக்கிப் பார்த்தாள், தானே கையெழுத்துப் போடுகிறேன் என்று கத்தினாள். எல்லோருக்கும் வருத்தம்தான். நான்கு இருபதுக்கு அவள் லட்சுமம்மாவின் நெஞ்சை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். நான்கு முப்பத்தைந்துக்கு நிறுத்தினாள். 

"சாரிண்ணா," என்றாள். 

முனிராஜ் லட்சுமம்மாவின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தார்.  அனுஷா கவுண்டருக்குப் போய் மரணத்தைப் பதிய வேண்டும் என்றாள். கவுண்டர்காரர் திரையைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டார். "ஒண்ணும் பதிய வேணாம் மேடம். ஏற்கனவே இருக்கு. இப்ப ரெக்கார்டு சரியாயிடுச்சு. நேரம் மட்டும் கொஞ்சம் முன்ன பின்ன."

ஐந்து மணி அடித்து சிறிது நேரத்தில் முனிராஜின் போன் ஒலித்தது. கோதண்டராமன்தான். பின்னால் பட்டாசுச் சத்தம் கேட்டது.

"முனிராஜ்! அனுமதி குடுத்துட்டாங்க, நூத்தைம்பது சீட்டு! சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டேன், முதல் வேலையா உங்க சம்சாரத்தைத்தான் எடுத்தேன். இப்ப உயிரோட இருக்காங்க. எந்த ஆஸ்பத்திரிலயும் தாராளமா சேக்கலாம்."

முனிராஜ் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மத்தியானம் சிவப்பில் நின்றுபோயிருந்த லட்சுமம்மாவின் பதிவு கம்ப்யூட்டரில் தானாக நகர்ந்து, கவுண்டரில் இருந்த இயந்திரம் சீட்டு ஒன்றைத் துப்பியது. ஷிப்ட் மாறி அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த புதுக் குமாஸ்தா அதைக் கிழித்தெடுத்து, கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

"லட்சுமம்மா! லட்சுமம்மாவுக்கு நம்பர் வந்தாச்சு, தியேட்டருக்குப் போகலாம்! கூட வந்தது யாரு?"

முனிராஜ் எழுந்து நின்றார்.

"நான்தான் சார்," என்றார். "நான்தான் அவ புருஷன்."